ஒரே கிணற்றின் இரு பால்கள்

விலங்கின் பாலையும் தாவரப் பாலையும் சுற்றுச்சூழல் நோக்கில் ஒப்பிடுவோர் பெரும்பாலும் ஓர் அட்டவணையையே எடுத்து நீட்டுவர். 2018-இல் 'சயின்ஸ்' இதழில் ஜோசஃப் பூர், தாமஸ் நெமெசெக் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வே அதன் மூலம். 119 நாடுகளின் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைக் கொண்டது அது. உலகச் சராசரியாக ஒரு லிட்டர் பாலுக்கு 628 லிட்டர் நீரும் ஏறத்தாழ 9 சதுர மீட்டர் நிலமும் தேவைப்படுகின்றன; 3 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கரியமில வாயுவுக்கு நிகரான பசுங்குடில் வாயுக்கள் வெளியேறுகின்றன. பாதாம் பாலுக்கோ நீர் 371 லிட்டர், நிலம் அரைச் சதுர மீட்டர், வாயு 700 கிராம். சோயாப் பாலுக்கு நீர் வெறும் 28 லிட்டர்.

வழக்கு இத்துடன் தீர்ந்தது என்பார் உளர். காற்றைப் பொறுத்தவரை தீர்ந்ததுதான். எந்தப் பண்ணையில் எழும் மீத்தேனும் உலகு அனைத்திற்கும் பொதுவானது. நீரின் கதை வேறு. அதற்கு ஊர் உண்டு. மாடும் பாதாம் மரமும் அருகருகே நின்று ஒரே நிலத்தடி நீரைக் குடிக்கும் ஓர் ஊரின் வரலாற்றை அறிந்தால், அந்த அட்டவணையைச் சற்று வேறு விதமாக வாசிப்போம். கலிஃபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் தென்கோடியில் உள்ள துலாரே வடிநிலத்தையே நாம் கருதுகிறோம்.

கோரையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. கோரை மண்டிய பேரேரி ஒன்று அங்கே இருந்தது. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே உள்ள நன்னீர் ஏரிகளுள் அதுவே பெரியது என்பர். அதன் கரையில் யோக்கட் மக்கள் மீன்பிடித்து வாழ்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் குடியேறிய வேளாளர், ஏரிக்கு நீர் தந்த கிங்ஸ், கவேயா, துலே, கெர்ன் ஆறுகளை வாய்க்கால்களில் திருப்பினர். ஏரி வயலாயிற்று. ஆற்று நீர் போதாதபோது ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. பள்ளத்தாக்கின் மெண்டோட்டா ஊருக்கு அருகே 1977-இல் எடுக்கப்பட்ட ஒளிப்படம் ஒன்றில், ஜோசஃப் போலண்ட் என்னும் நிலவியல் அறிஞர் ஒரு கம்பத்தடியில் நிற்கிறார். 1925-இல் தரைமட்டம் எங்கிருந்தது என்பதைக் காட்டும் பலகை, அவர் தலைக்கு மிக உயரே, ஏறத்தாழ 9 மீட்டரில் தொங்குகிறது. நீரை உறிஞ்ச உறிஞ்ச மண் அமிழ்ந்துவிட்டது. பாதாம் பால் கடைத்தெருவுக்கு வருவதற்கு வெகுகாலம் முந்திய படம் இது என்பது கருதத்தக்கது.

மாடுகள் இங்கே வந்து சேர்ந்த கதை சுவையானது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரை ஒட்டிய பால்காரர்கள், நகரம் தங்களை விழுங்கிவிடாதிருக்க 1956-இல் 'டெய்ரி வேலி' என்றே ஒரு தனி நகராட்சியை அமைத்துக்கொண்டனர். மனிதரைவிட மாடுகளே அங்கு மிகுதி. ஆயினும் மனை விலையை எந்தப் பால்விலையும் வெல்ல இயலாது. 1967-இல் அந்நகரம் 'செரிட்டோஸ்' எனப் பெயர் மாறிற்று. மாடுகள் சீனோவுக்கும், பின்னர் துலாரேக்கும் பெயர்ந்தன. 1993-இல் பால் உற்பத்தியில் விஸ்கான்சினைக் கலிஃபோர்னியா முந்தியது. மழை குறைந்த நாட்டில் மாட்டுக்குத் தீவனம் குதிரைமசாலும் மக்காச்சோளமும். அவற்றுக்கு நீர், பெருமளவு கிணற்றிலிருந்து.

பாதாமும் அதே காலத்தில் பெருகிற்று. 1990களின் நடுவில் ஏறத்தாழ 4 லட்சம் ஏக்கராக இருந்த காய்ப்புத் தோப்பு, 2020களின் தொடக்கத்தில் 13 லட்சத்தைத் தாண்டியது. இதில் பாலாவது சிறு பங்கே, பெரும்பகுதி ஏற்றுமதி. அண்மை ஆண்டுகளில் முதன்மையாக வாங்குவது நம் நாடு என்பதால், கோப்பையில் பசும்பாலே பருகுவோரும் இவ்வழக்கிலிருந்து விலகி நிற்க இயலாது.

2012 முதல் 2016 வரை நீடித்த வறட்சியில், ஒரு பாதாம் பருப்புக்கு ஒரு காலன் நீர் என்று ஏடுகள் எழுதின. குதிரைமசாலின் பங்கும் அதற்கு இணையாக இருக்க, பழி பாதாமுக்கே சென்றது. இதை நாம் நேர்மையான கணக்காகக் கருதவில்லை. ஆனால் பாதாமின் உண்மையான குறை வேறொன்று. குதிரைமசால் வயலை ஒரு கோடையில் காயவிடலாம். ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் நிற்கவேண்டிய தோப்பைக் காயவிட முடியாது. கிணற்றை இன்னும் ஆழப்படுத்தத்தான் வேண்டும். அட்டவணையில் இதற்குக் கட்டம் இல்லை. மற்றொன்றுக்கும் இல்லை: ஒரு லிட்டர் பசும்பாலில் சுமார் 33 கிராம் புரதம் உண்டு, கடைகளில் விற்கும் பாதாம் பாலில் பெரும்பாலும் 5 கிராம்கூடத் தேறாது. புரதத்துக்கு நீர் எவ்வளவு எனக் கேட்டால் பாதாம் தோற்கும், சோயா வெல்லும். 'தாவரப் பால்' என ஒரே சொல்லில் இவற்றை அடக்குவதே பிழை. (பெயர்ச் சண்டையும் இல்லாமலில்லை. 2017-இல் ஐரோப்பிய நீதிமன்றம், சில மரபுப் பெயர்கள் நீங்கலாக, தாவரப் பொருளைப் 'பால்' என விற்கலாகாது எனத் தீர்ப்பளித்தது. தேங்காய்ப்பாலும் கள்ளிப்பாலும் வழங்கும், நெற்கதிரே பால் பிடிக்கும் தமிழில் அவ்வழக்கு எடுபட்டிராது.)

அந்த வறட்சியில் முதலில் வற்றியது தோப்புக் கிணறு அன்று. துலாரே மாவட்டத்தின் கிழக்குப் போர்ட்டர்வில் என்னும் சிற்றூரில் நூற்றுக்கணக்கான வீடுகளின் ஆழமற்ற கிணறுகள் 2014-இல் வற்றின. லத்தீன் அமெரிக்க வழியினரான பண்ணைத் தொழிலாளர் பலர் வாழும் ஊர் அது. பால் கறப்போரும் பாதாம் பறிப்போரும் முற்றத்துத் தொட்டியில் லாரி கொண்டுவந்து ஊற்றிய நீரில் குளித்தனர். நீர் எஞ்சிய இடங்களிலும் கவலை தீரவில்லை. உரமும் சாணமும் கலந்து நிலத்தடியில் இறங்கிய நைட்ரேட்டினால், துலாரே வடிநிலத்திலும் சலீனாஸ் பள்ளத்தாக்கிலும் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேரின் குடிநீர் இடருக்கு உள்ளாகியுள்ளது என டேவிஸ் பல்கலைக்கழக அறிக்கை 2012-லேயே உரைத்திருந்தது. இங்கே தொழுவமும் வயலும் கூட்டுப் பங்காளிகள்.

தன் நிலத்தடியில் எவ்வளவு இறைத்தாலும் கேள்வியில்லை என்ற பழைய வழக்கத்துக்கு 2014-இல் இயற்றப்பட்ட சட்டமே முதல் கட்டுப்பாடு. மிகவும் வற்றிய வடிநிலங்கள் 2040-க்குள் வரவும் செலவும் நிகராக வேண்டும். இடையில் 2023-இல் பெருமழையும் பனியுருகலும் சேர்ந்து, மறைந்த துலாரே ஏரியை மீட்டுத் தந்தன. ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் நீர் நின்றது. மாடுகளை லாரிகளில் ஏற்றி ஓட்டினர், தோப்புகள் மூழ்கின. மறு ஆண்டு ஏப்ரலில், ஏரி மீண்டும் வயலாகிக்கொண்டிருந்த வேளையில், துலாரே ஏரி வடிநிலத்தின் நீர்த்திட்டம் போதாதென மாநில வாரியம் அதைக் கண்காணிப்பின்கீழ்க் கொண்டுவந்தது. அச்சட்டத்தின்கீழ் அவ்வாறு நிறுத்தப்பட்ட முதல் வடிநிலம் அதுவே.