கிணறு கண்ட கரி

போடிநாயக்கனூரில் வாழும் நமக்குத் தண்ணீர் என்பது மேலிருந்து வருவது. ஏலமலைச் சரிவில் மழை பெய்தால் கொட்டகுடி ஆற்றில் நீர் வரும். ஆற்றில் நீர் வந்தால் அடிவாரத்துக் கிணறுகள் ஊறும். ஆயினும் அம்மலையைக் குடைந்தால் கிணறு என்னவாகும் என்னும் கேள்வி, பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் அளித்தபோது நம் தெருவுக்கே வந்தது. ஒன்றும் ஆகாது என்றனர் ஒரு சாரார். எல்லாம் வற்றும் என்றனர் மறுசாரார். இரு சாராரிடமும் நாம் கேட்க விரும்பியது ஒன்றுதான்: இன்றைய அளவு எவ்வளவு? அக்கேள்வியின் அருமையை அறிய, தமிழகத்தில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நிலத்தடி நீரோடு போராடிவரும் நெய்வேலியின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பது பயன்தரும்.

நெய்வேலிச் சுரங்கம் ஒரு கிணற்றில் பிறந்தது. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் 1930-களின் நடுவில் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டார். நீரோடு கரிய துகள்களும் மேலே வந்தன. அவர் அரசுக்குத் தெரிவித்தார். ஆய்வுகள் பல நடந்தபின் 1956-இல் நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. நீரைத் தேடியவர் கரியைக் கண்டார். கரியைத் தேடிச் சென்றவர்களுக்கோ நீரே பெரும்பகையாக நின்றது.

காரணம், கரிப்படுகைக்குக் கீழே இருக்கும் மணற்படுகையில் நீர் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிறது. அவ்வழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை என்பது பொறியாளர் கணக்கு. மேல்மண்ணை அகற்றிவிட்டால் அந்நீர் சுரங்கத்தின் அடித்தளத்தையே பிளந்துகொண்டு பீறிடும். ஆகவே சுரங்கத்தைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து, இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைத் தணிக்கிறார்கள். இறைப்பு நின்றால் சுரங்கம் நிற்கும். நிலத்தடி நீரை அளப்பது நெய்வேலியில் தொடக்கம் முதலே நடந்தது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. ஆனால் அவ்வளவை வேண்டியது சுரங்கம். எவ்வளவு நீர், எவ்வளவு அழுத்தம் என்பதே அதன் கேள்வி. அந்நீர் எத்தகையது என்னும் கேள்வி, குடிப்பவனுடைய கேள்வி.

குடிப்பவனும் அளக்காமல் இருந்தவன் அல்லன். நல்ல தண்ணீர்க் கிணறு, உப்புக் கிணறு என்று ஊர்தோறும் கிணறுகளுக்குப் பெயர் வழங்குகிறதே, அப்பெயர்கள் வேறென்ன? பருப்பு வேகிறதா, சோப்பு நுரைக்கிறதா, நாக்கில் கரிக்கிறதா என்று தலைமுறை தலைமுறையாகச் சோதித்து எழுதிவைத்த ஆய்வு முடிவுகள்தாம் அவை. உவர் நீருக்கு அந்தச் சோதனை போதும். பாதரசத்துக்குப் போதாது. குடிநீரில் பாதரசத்துக்கு இந்தியத் தர நிர்ணய வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். அவ்வளவில் அதற்குச் சுவை இல்லை, நிறம் இல்லை, மணம் இல்லை. நாக்கு தோற்கும் இடத்தில் ஆய்வுக்கூடம் தேவைப்படுகிறது.

2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள், மந்தன் அத்யயன் கேந்திரா ஆகிய அமைப்புகள் நெய்வேலியைச் சுற்றிய ஊர்களின் நீரையும் மண்ணையும் சோதித்து, மாசு மிகுந்திருப்பதாக அறிக்கை வெளியிட்டன. செய்தி கண்ட தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. பின்னர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்த மாதிரிகளிலும் பாதரசம் வரம்பு கடந்திருந்தது. இப்போது எழும் வினா, இது எங்கிருந்து வந்தது என்பது. நிலக்கரியில் பாதரசம் நுண்ணளவில் உண்டு. எரிக்கும்போது புகையோடும் சாம்பலோடும் வெளியேறும். ஆயினும் தோண்டுவதற்கு முன்பு இதே கிணறுகளில் எவ்வளவு இருந்தது என்று காட்ட ஓர் ஏடு இருந்திருந்தால் வழக்கில் பாதி அன்றே தீர்ந்திருக்கும்.

முதல் அளவு இல்லாத இடத்தில் பின்னர் எடுக்கும் ஒவ்வோர் அளவும் வாதத்துக்கே பயன்படும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டம் பார்க்கிறது. நீரின் தரத்தைப் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை, கோடையில் சோதிக்கிறது. மாவட்டத்தின் போக்கை அறிய அது உதவும். ஆனால் ஒரு சுரங்கத்தின் விளிம்பில் குடியிருப்பவளுக்குத் தன் கிணற்றின் கதை அதில் கிடைக்காது.

நம் மலைக்குத் திரும்புவோம். பொட்டிப்புரத் திட்டத்துக்கான சுற்றுச்சூழல் அனுமதியைப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நிறுத்திவைத்தது. 2018-இல் புதிய அனுமதி வந்தது. 2022-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. மலை குடையப்படவில்லை. வாதம் ஓய்ந்ததும் கிணறுகளையும் நாம் மறந்துவிட்டோம். நாளை வேறொரு திட்டம் வரலாம். திட்டம் எதுவும் வராமலேயே தோட்டங்களுக்குத் தெளிக்கும் மருந்து சரிவில் இறங்கி வரலாம். அன்றும் நம்மிடம் காட்ட ஏடு இராது.

இது பெரிய காரியமன்று. பத்துக் கிணறுகள், கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை. கல்லூரி வேதியியல் துறைகள் மாதிரி எடுத்து, தம்மால் இயன்றதைச் சோதித்து, இயலாததைப் பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். முடிவைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டலாம். ஒரு படியை ஊர்ப் பெரியவர் வீட்டுப் பெட்டியிலும் வைக்கலாம். கோயில் நிலத்துக்கும் வாய்க்கால் முறைக்கும் கல்லில் கணக்கு வெட்டி வைத்த மரபு நம்முடையது. கிணற்று நீருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.