வாசல் வரைக்கும் வண்டி!

சென்னையில் ஒரு பெரிய நட்சத்திர ஓட்டல். கல்யாண ரிசப்ஷன். உங்களையும் மதித்து வீடு தேடி வந்து பத்திரிகை வைத்திருக்கிறார்கள். ஆட்டோ பிடித்துப் போகிறீர்கள். கேட் அருகே போனதும் ஒரு கை குறுக்கே நீளுகிறது.

‘‘ஆட்டோ உள்ள போகாது சார். இங்கயே இறங்கிக்குங்க!’’

கேட்டிலிருந்து போர்ட்டிகோ நூறு தப்படி இருக்கலாம். உங்கள் மனைவி பட்டுப் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி நடக்கிறார். முழங்கால் வலிக்காரரான அம்மா மூச்சு வாங்குகிறார். அந்தப் பக்கமாக ஒரு கார் சர்ரென்று உள்ளே போகிறது. காரில் வந்தவருக்குப் பத்திரிகை வைத்தார்களா என்று யாரும் கேட்கவில்லை.

எல்லா ஓட்டலும் இப்படி இல்லை. ஆனால், இதைப் படிக்கிற உங்களில் பல பேருக்கு இந்த நூறு தப்படி அனுபவம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நம் ஊரில் மட்டும்தான் இந்தக் கூத்து என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஆர்லாண்டோ டிஸ்னி உலகத்தில் மேஜிக் கிங்டம் என்றொரு பூங்கா இருக்கிறது. டாக்ஸியில் வருகிறவர்களை அதன் வாசலில் விடமாட்டார்கள். ஏரிக்கு அக்கரையில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து படகிலோ மோனோ ரயிலிலோ போக வேண்டும். ‘பூங்காவுக்குப் பக்கத்திலேயே ஓட்டல் இருக்கிறதே, அங்கே இறங்கி நடந்துவிட்டால் என்ன?’ என்று சிலர் ஓட்டல் பெயரைச் சொல்லி உபேர் பிடிப்பார்கள். கூட்ட நாட்களில் அங்கேயும் கேட்டில் ஒருவர் நிற்பார். ‘ரூம் போட்டிருக்கிறீர்களா? சாப்பிட டேபிள் புக் பண்ணியிருக்கிறீர்களா?’ இரண்டும் இல்லையென்றால் வண்டி திரும்ப வேண்டியதுதான்.

ஆக, கேள்வி உலகப் பொதுவானது. வாசல் வரைக்கும் வண்டியில் வர யாருக்கு உரிமை? இதற்கு நம்மிடம் ரொம்பப் பழைய சரித்திரம் இருக்கிறது. அதைப் பார்க்க உங்கள் மனைவியின் அந்தப் பட்டுப் புடவை பிறந்த ஊருக்கே போகலாம், வாருங்கள்.

ஆரணி. திருவண்ணாமலை மாவட்டம். கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஊர். பட்டுக்கும் அரிசிக்கும் பேர் போனது. கடையில் ‘காஞ்சிபுரம்’ என்று சொல்லி உங்களிடம் விற்ற புடவை ஆரணித் தறியில் இறங்கியதாகக்கூட இருக்கலாம். ஆரணிப் பட்டுக்குத் தனியாகப் புவிசார் குறியீடே உண்டு. பெங்களூர் பக்கத்திலிருந்து பட்டு நூல், சூரத்திலிருந்து ஜரிகை. பாவு ஓட்டி, தறியில் ஏற்றி, குடும்பமே உட்கார்ந்து நாள் கணக்கில் நெய்தால் ஒரு புடவை. கூலி நெசவாளி அதை மாஸ்டர் வீவரிடம் ஒப்படைத்துவிடுவார். அதற்கப்புறம் அந்தப் புடவை எந்தக் கார் ஏறி எந்த ஓட்டலுக்குள் போகிறதென்று அவருக்குத் தெரியாது.

ஆரணிக்கு ரயிலில் போகலாம் என்று ‘ஆரணி ரோடு’ ஸ்டேஷனுக்கு டிக்கெட் எடுத்தீர்களானால் ஒரு சின்ன ஆச்சர்யம் காத்திருக்கிறது. இறங்கிப் பார்த்தால் ஆரணி இருக்காது! அது களம்பூர். ஆரணிக்குப் போக இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் காட்பாடி - விழுப்புரம் பாதை போட்டபோது அது ஆரணி ஊருக்குள் வரவில்லை. ரயில்வே பாஷையில் ‘ரோடு’ என்றால், ‘இங்கிருந்து அந்த ஊருக்கு ரோடு இருக்கிறது, போய்க்கொள்’ என்று அர்த்தம். கொடைக்கானல் ரோட்டில் இறங்குகிறவர் கொடைக்கானலுக்கு இன்னும் எண்பது கிலோமீட்டர் மலையேற வேண்டும்!

ரயிலில் டிக்கெட் வாங்கியவன் பயணி. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்துவிட்டால் அவன் தலையெழுத்து வண்டிக்காரன் கையில். அந்தக் காலத்தில் ஜட்காக்காரரும் மாட்டு வண்டிக்காரரும் ‘வா’ என்றால்தான் ஊர் போய்ச் சேர முடியும். ‘வராதே’ என்றால்?

அப்படியொரு சம்பவம் 1901-ல் நடந்தது. மகாராஷ்டிராவில் மசூர் என்ற ஸ்டேஷன். சதாராவிலிருந்து ரயிலேறிய சில சிறுவர்கள் அங்கே இறங்கினார்கள். கோரேகாவில் வேலை பார்க்கும் அப்பாவைப் பார்க்கப் போகிறார்கள். அப்பாவுக்குக் கடிதம் கிடைக்காததால் அழைத்துப் போக ஆள் வரவில்லை. பிள்ளைகள் புதுச் சட்டை, பளபளக்கும் தொப்பி, பட்டுக்கரை வேட்டி என்று ஜம்மென்று இருந்தார்கள். உடையைப் பார்த்துவிட்டு ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாகத்தான் விசாரித்தார். ‘நாங்கள் மகர் ஜாதி’ என்றதும் முகம் மாறி ஒதுங்கிப் போனார். வெளியே நிறைய மாட்டு வண்டிகள். இரட்டைக் கூலி தருகிறோம் என்றாலும் ஒருவரும் ஏற்றவில்லை. கடைசியில் ஒரு விசித்திரமான ஒப்பந்தம். கூலி இரண்டு மடங்கு. வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள வேண்டும், வண்டிக்காரர் தீட்டுப்படாமல் பக்கத்தில் நடந்து வருவார்!

அந்தச் சிறுவர்களில் பத்து வயசுப் பையன் ஒருவன் பிற்காலத்தில் இந்தியாவின் அரசியல் சட்ட வரைவுக் குழுவுக்குத் தலைவரானான். ஆம், அம்பேத்கர்தான். அந்த ராத்திரிப் பயணத்தை அவரே விரிவாக எழுதி வைத்திருக்கிறார். பட்டுக்கரை வேட்டி ஸ்டேஷன் மாஸ்டரின் புன்னகையைத்தான் சம்பாதித்துக் கொடுத்தது. வண்டியில் இடம் வாங்கித் தரவில்லை.

இன்னும் எட்டு வருஷம் பின்னால் போங்கள். 1893. இந்த ஒரே வருஷத்தில் இரண்டு வண்டிகளைப் பார்க்கலாம். ஒன்று தென்னாப்பிரிக்காவில். ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கிய ஓர் இளம் வக்கீல் குதிரை வண்டி பிடித்து நேரே கிராண்ட் நேஷனல் ஓட்டலுக்குப் போகிறார். மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்க்கிறார். ரூம் காலியில்லை என்று மரியாதையாக வழியனுப்புகிறார். அந்த வக்கீல் காந்தி. நடந்ததைக் கேட்ட அங்கிருந்த இந்திய வியாபாரி, ‘ஓட்டலில் இடம் கிடைக்கும் என்று நம்பிப் போனீர்களா?’ என்று சிரித்தாராம். காந்தியின் சுயசரிதையில் இருக்கிறது.

இன்னொன்று இங்கே, திருவிதாங்கூரில். பொதுச் சாலையில் நடக்கவே தடை செய்யப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் அய்யங்காளி. அவர் விலை கொடுத்து ஒரு வில்வண்டி வாங்கினார். வெள்ளை வேட்டி, தலைப்பாகை சகிதம் அதில் ஏறி உட்கார்ந்து அதே சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். மறித்தவர்களைப் பார்த்து அவர் இறங்கவில்லை. கேரள சரித்திரத்தில் ‘வில்வண்டி யாத்திரை’ என்று அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது.

சரி, நெசவாளிக்கு இதில் என்ன பங்கு என்கிறீர்களா? அங்கேதான் வருகிறேன்.

விஜயநகர காலத்தில் வண்டி என்பது வெறும் போக்குவரத்துச் சாதனம் அல்ல. யார் பல்லக்கில் ஏறலாம், யார் வீட்டு விசேஷத்தில் சங்கு ஊதலாம் என்பதெல்லாம் ஜாதிவாரியாக எழுதப்பட்ட உரிமைகள். காஞ்சிபுரத்திலும் வேலூருக்குப் பக்கத்து விரிஞ்சிபுரத்திலும் இருந்த கைக்கோளர்களுக்கு, அதாவது நெசவாளர்களுக்கு, ‘தண்டு’ம் ‘சங்கு’ம் உண்டு. தண்டு என்றால் பல்லக்கு. அதைப் பார்த்துத் தென்னாற்காட்டுப் பக்கத்து நெசவாளர்கள், ‘எங்களுக்கும் அதே உரிமை வேண்டும்’ என்று கேட்டு வாங்கினார்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதிக் கல்வெட்டு அதைச் சொல்கிறது. யோசித்துப் பாருங்கள். ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே நெசவாளி வாசல் வரைக்கும் வண்டியில் வரும் உரிமைக்காகப் போராடி, ஜெயித்து, கல்லிலும் வெட்டி வைத்துவிட்டான்!

வெள்ளைக்காரன் வந்த பிறகும் சண்டை ஓயவில்லை. சென்னைப் பட்டணத்தில் வலங்கை ஜாதியார், இடங்கை ஜாதியார் என்று இரண்டு அணி. யார் வீட்டு ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்று 1707-ல் பெரிய கலவரம். கவர்னர் தாமஸ் பிட் தலையைப் பிய்த்துக்கொண்டு, பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று பிரித்துக் கொடுத்துப் பஞ்சாயத்தை முடித்தார்.

இந்த அத்தனை வேலியையும் ஒரே அடியில் வெட்டியது 1950-ல் நடைமுறைக்கு வந்த நமது அரசியல் சட்டம். அதன் 15-வது பிரிவு கடை, உணவகம், ஓட்டல், பொழுதுபோக்கு இடம் என்று பெயர் சொல்லியே பட்டியல் போடுகிறது. மதம், இனம், ஜாதி, பால், பிறந்த இடம்... இவற்றைக் காட்டி அங்கே யாரையும் தடுக்கக் கூடாது.

பட்டியலில் இல்லாத ஒன்றைக் காட்டித் தடுத்தால்? உதாரணத்துக்கு, உடை. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்க கிளப்பில் புத்தக வெளியீட்டு விழா. அழைப்பின் பேரில் போன உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை வாசலிலேயே நிறுத்தினார்கள். காரணம், வேட்டி! தமிழ்நாடே கொதித்தது. அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டி கட்டியவரைத் தடுத்தால் ஒரு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். ஜாதிக்கு ஒரு சட்டம், வேட்டிக்கு ஒரு சட்டம். ஆட்டோவுக்கு?

ஓட்டல்காரர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிடுவோம். அது அவர்கள் இடம். போர்ட்டிகோ சின்னது. முகூர்த்த நாளில் நூறு வண்டி உள்ளே வந்தால் ஆம்புலன்ஸ்கூட நுழைய முடியாது. 2008 நவம்பரில் மும்பை ஓட்டல்களில் நடந்த பயங்கரத்துக்குப் பிறகு, கேட்டில் வண்டியைச் சோதிப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. எல்லாம் சரி. பாதுகாப்புதான் காரணம் என்றால் காரையும் ஆட்டோவையும் ஒரே மாதிரி சோதியுங்கள். இடம்தான் காரணம் என்றால் இரண்டையும் ஒரே மாதிரி வெளியே நிறுத்துங்கள். காரை விட்டுவிட்டு ஆட்டோவை மட்டும் நிறுத்தினால், அங்கே பார்க்கப்படுவது வண்டியில் இருக்கிற ஆளின் அந்தஸ்து. பழைய பல்லக்குக் கணக்குதான், மீட்டர் மட்டும் புதுசு!

நடக்க முடியாதவர்கள் விஷயம் இதைவிட முக்கியம். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் நிறுவனங்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறது. ஊன்றுகோலோடு ஆட்டோவில் வருகிறவரைக் கேட்டிலேயே இறக்கிவிட்டால், உள்ளே சரிவுப் பாதை கட்டி வைத்து என்ன பிரயோஜனம்?

கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியோடு சண்டை போடாதீர்கள். உத்தரவு அவருடையது இல்லை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடிந்து அவரும் பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோதான் வீட்டுக்குப் போவார். கேட்க வேண்டியவர் ஹாலுக்கு அட்வான்ஸ் கட்டுகிறவர். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஓட்டல் பார்க்கப் போகிறீர்களா? இலைக்கு எவ்வளவு, ஏ.சி. உண்டா, பார்க்கிங் எத்தனை கார் என்றெல்லாம் கேட்பீர்கள். கூடவே, ‘ஆட்டோவில் வருகிறவங்க போர்ட்டிகோ வரைக்கும் வரலாமா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். லட்சக்கணக்கில் பில் கட்டப் போகிறவர் கேட்டால் மேனேஜர் யோசிப்பார்.

முகூர்த்தப் புடவையை ஆரணிக்கே போய்த் தறியில் சொல்லி வாங்குகிற வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. நீங்களும் அப்படி வாங்கி, நெய்தவருக்கும் ஒரு பத்திரிகை வைப்பதாக இருந்தால், இந்தக் கேள்வியை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.