கிட்னிக்கு ரெண்டு பத்தியம்

எங்க கள்ளக்குறிச்சிப் பக்கம் யாருக்காவது டயாலிசிஸ் ஆரம்பிச்சா, பல வீட்டுல முட்டை, மீன் எல்லாம் கட். வெறும் கஞ்சிதான். டாக்டர்களே புரதத்தைக் குறைக்கச் சொன்ன காலமும் உண்டுங்க.

1943-ல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப், செல்லோஃபேன் குழாயைச் சுற்றி டயாலிசிஸ் எந்திரம் செய்தார். 1960-ல் சியாட்டிலில் ஸ்க்ரிப்னர், கையிலேயே நிலையா இருக்கிற குழாயைப் பொருத்தின பிறகுதான் வருஷக்கணக்கில் டயாலிசிஸ் செய்ய முடிஞ்சது. ஆனா எந்திரம் சிலருக்குத்தான் கிடைச்சது. அந்தக் காலத்துல இத்தாலியின் ஜோர்தானோவும் ஜோவனெட்டியும் புரதத்தை ரொம்பக் குறைச்ச பத்தியத்தைக் கொண்டு வந்தாங்க. அது டயாலிசிஸ் இல்லாதவங்களுக்கு.

டயாலிசிஸ் வந்துட்டா கணக்கு தலைகீழ். ஒவ்வொரு தடவையும் அமினோ அமிலங்கள் வெளியே போகுது. அதனால கிலோ எடைக்கு தினம் 1 முதல் 1.2 கிராம் புரதம்கிறது இன்றைய பரிந்துரை. 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். கஞ்சியில எங்கே வரும்? முட்டை வெள்ளைக்கரு வேணும்.

கவனம் வேண்டியது பொட்டாசியத்தில். கல்வராயன் மலைப் பலாவும் இளநீரும் அதில் வரும். மரவள்ளியைப் பொடியா நறுக்கி, நிறைய தண்ணியில வேகவச்சு, தண்ணியைக் கொட்டிட்டா பொட்டாசியம் குறையும். அளவை மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

மத்தபடி, எந்திரம் கிடைக்காதவங்களோட பத்தியத்தை எந்திரம் கிடைச்சவங்க தலையில கட்டாதீங்க மக்களே!