கட்டில் ரெண்டு, காதல் ஒண்ணு... ஹாலிவுட் ரொமான்டிக் காமெடியும் சென்சார் கத்திரியும்!

பழைய கறுப்பு வெள்ளை ஹாலிவுட் படங்கள் பார்த்திருக்கீங்களா? புருஷன் பொண்டாட்டிக்கே பெட்ரூமில் தனித்தனிக் கட்டில் கிடக்கும். எல்லாம் சென்சார் பயம் பாஸ்!

'சினிமா வெறும் வியாபாரம், அதுக்குப் பேச்சுரிமை கிடையாது' என்று 1915-லேயே சொல்லிவிட்டது அமெரிக்க உச்ச நீதிமன்றம். ஊருக்கு ஊர் சென்சார் போர்டுகள் வெட்ட ஆரம்பிக்க, 'அரசாங்கம் உள்ளே வர்றதுக்குள்ள நாமே விதி போட்டுக்கலாம்' என்று ஸ்டூடியோக்கள் 1930-ல் ஏற்றுக்கொண்டதுதான் 'புரொடக்‌ஷன் கோட்'. ஆனால், முதல் நாலு வருஷம் அதைப் பெருசா யாரும் மதிக்கலை. லூபிட்ஷின் 'டிரபிள் இன் பாரடைஸ்' (1932) படத்தில், ஒரு திருட்டு ஜோடி கல்யாணமே பண்ணாமல் ஜாலியாக ஒண்ணா வாழும்.

கத்தோலிக்க அமைப்புகளின் புறக்கணிப்பு மிரட்டலுக்குப் பிறகு, 1934 ஜூலையில் ஜோசப் பிரீன் கையில் கத்திரி வந்தது. அவர் ஆபீஸ் முத்திரை இல்லாமல் ரிலீஸ் பண்ணினால் 25,000 டாலர் அபராதம். லூபிட்ஷ் படத்தை மறுபடி வெளியிடவே அனுமதி கிடைக்கலை.

ரைட்டர்கள் சும்மா இருப்பாங்களா? நெருக்கத்தைக் காட்டத்தானே தடை, வாய்ச்சண்டைக்கு இல்லையே! ஹீரோவும் ஹீரோயினும் மூச்சுவிடாமல் சண்டை போட, காதல் அதிலேயே கசிந்தது. இன்னொரு சூப்பர் டிரிக், விவாகரத்து. 'தி ஆஃபுல் ட்ரூத்' (1937) படத்தில் கேரி கிராண்டும் ஐரீன் டன்னும் டைவர்ஸ் வாங்கும் ஜோடி. நள்ளிரவு வரைக்கும் சட்டப்படி தம்பதிதான், அதுவரை எவ்வளவு வழிஞ்சாலும் யார் கேட்பது? க்ளைமாக்ஸில் அவர்களை விட்டுவிட்டு ஒரு கடிகாரத்தைக் காட்டுவாங்க. அதில் தனித்தனிக் கதவு வழியா வர்ற ஆண், பெண் பொம்மைகள், கடைசியில் ஒரே கதவுக்குள்ளே போகும். அவ்ளோதான், புரிஞ்சுடும்!

'தடைதான் கிரியேட்டிவிட்டியைத் தூண்டுச்சு' என்று இதை வைத்துச் சிலர் சிலாகிப்பது உண்டு. முழுசா ஒத்துக்க முடியலை. வெள்ளையர், கறுப்பர் இடையிலான காதலையும் அதே கோட் தடை பண்ணியது. தன்பாலினக் காதலைக் கோடிகாட்டக்கூட விடலை. இந்தக் காதல்களைக் காட்ட எந்தக் கடிகார பொம்மையும் வரலையே!

1953-ல் 'தி மூன் இஸ் ப்ளூ' வந்தது. 'கன்னி' என்ற வார்த்தையெல்லாம் சகஜமாகப் பேசிய படம். முத்திரை மறுக்கப்பட்டும் இயக்குநர் ஆட்டோ பிரெமிஞ்சர் துணிந்து ரிலீஸ் செய்தார், படம் நன்றாகவே ஓடியது. மர்லின் மன்றோவின் 'சம் லைக் இட் ஹாட்'டும் (1959) வந்து ஹிட். 1968-ல் வயதுவாரி ரேட்டிங் முறை வர, பழைய கோடை மூட்டை கட்டினாங்க.