லண்டனில் ஒரு அறை: வாடகைக் கணக்கும் கொஞ்சம் வரலாறும்

என் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனால், அவன் அப்பா நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு செலவுக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். "தம்பி, நீதான் அக்கவுன்ட்ஸ்ல நல்ல மார்க் வாங்குறியாமே, இதைக் கொஞ்சம் பாருப்பா" என்று என்னிடம் நீட்டினார். கல்லூரிக் கட்டணத்துக்கு பேங்க் லோன் இருக்கிறதாம். அவரைத் தூங்க விடாமல் செய்வது அறை வாடகை. "படிக்கிறதுக்கு கொடுக்கலாம்ப்பா, படுக்கிறதுக்கு இவ்வளவா?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு யோசனை. இதே கவலையோடு லண்டனுக்குப் போய், வரவு செலவை எழுதியும் வைத்த ஒரு மாணவர் நமக்கு நன்றாகத் தெரிந்தவர்தானே? மோகன்தாஸ் காந்தி. 1888 செப்டம்பர் கடைசியில் லண்டனில் இறங்கியபோது அவருக்கு 19 வயது கூட நிரம்பவில்லை. பாரிஸ்டர் படிப்பு, அம்மாவிடம் செய்த சத்தியம், கையில் அண்ணன் கொடுத்த பணம்.

முதலில் தங்கியது விக்டோரியா ஹோட்டலில். அங்கே லிஃப்டுக்குள் நுழைந்து, அதுதான் உட்காருவதற்கான அறை என்று நினைத்துக்கொண்டாராம். (சிரிக்காதீர்கள், நான் முதல்முறை எஸ்கலேட்டரில் ஏறிய கதை எனக்குத்தான் தெரியும்.) அந்த ஹோட்டலில் அவர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. பில் மட்டும் 3 பவுண்டு.

அதன் பிறகு டாக்டர் பிராணஜீவன் மேத்தா ஒரு அறிவுரை சொல்கிறார். நாம் இங்கே வருவது படிப்பை விட ஆங்கிலேயர் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளத்தான், அதனால் ஒரு குடும்பத்தோடு தங்கு என்று. அன்றைய இந்திய மாணவர்கள் பலரின் எதிர்பார்ப்பும் அதுதான். காந்தி ஒரு நண்பரிடம் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, மேற்கு கென்சிங்டனில் ஒரு விதவை அம்மாள் வீட்டில் வாடகைக்குச் சேர்கிறார். அந்த அம்மாளின் மகள்கள் ஒன்றிரண்டு துண்டு ரொட்டி கூடுதலாக வைப்பார்கள். இவருக்கோ ஒரு முழு ரொட்டி வேண்டும், கேட்க வெட்கம். வாடகையையும் கட்டிவிட்டுப் பசியோடும் இருப்பது என்றால் இதுதான்.

நடுவில் 'ஜென்டில்மேன்' ஆகும் ஆசை வேறு. 19 ஷில்லிங்கில் உயரமான தொப்பி, பாண்ட் தெருவில் 10 பவுண்டுக்கு மாலை நேர சூட், 3 பவுண்டுக்கு வயலின், நடன வகுப்புக்கு இன்னொரு 3 பவுண்டு.

ஆனால் அந்தக் காலத்திலும் ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதினார். பஸ் கட்டணம், தபால் தலை, பத்திரிகை எல்லாம் எழுதி, தினமும் படுக்கப் போகும் முன் பாக்கி சரிபார்ப்பார். நம் கேஷ் புக்கேதான்! கணக்கைப் பார்க்கப் பார்க்க அவருக்கே புரிகிறது. குடும்பத்தோடு இருந்தால் வாரா வாரம் பணம் கட்ட வேண்டும், மரியாதைக்கு அவர்களை வெளியே சாப்பிட அழைத்துப் போக வேண்டும், அன்று வீட்டில் சாப்பிடாவிட்டாலும் பணம் குறையாது. அதனால் தனியாக அறை எடுக்கிறார். அதுவும் போக வேண்டிய இடத்துக்கு அரை மணி நேரத்தில் நடந்தே போய்விடும் தூரத்தில். பஸ் காசு மிச்சம், தினம் எட்டு பத்து மைல் நடை. பிறகு இரண்டு அறையையும் விட்டுவிட்டு ஒரே அறைக்கு மாறி, ஒரு அடுப்பு வாங்குகிறார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் 20 நிமிடத்தில் தயார். மதியம் வெளியே சாப்பாடு, இரவு ரொட்டியும் கோகோவும். ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு 1 ஷில்லிங் 3 பென்ஸ்.

இங்கேதான் என் காமர்ஸ் மூளை வேலை செய்தது. அப்போது 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. அந்த 19 ஷில்லிங் தொப்பி, அவருடைய 15 நாள் சாப்பாடு. விக்டோரியா ஹோட்டல் பில் 48 நாள் சாப்பாடு. அந்த சூட் இருக்கிறதே, சரியாக 160 நாள்! ஊர் திரும்பிய பிறகு, லண்டனுக்குப் படிக்கப் போகிறவர்களுக்காக ஒரு வழிகாட்டியே எழுதினார். அவர் இருந்த வரை அது அச்சாகவில்லை. வாரம் ஒரு பவுண்டில் வாழ முடியும் என்று அதில் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்.

அந்த ஒற்றை அறைக்கு மாறியதைத்தான் காந்தியின் லண்டன் வாழ்க்கையில் முக்கியமான சம்பவமாக நான் நினைக்கிறேன். பார் பரீட்சை கூட அதற்குப் பிறகுதான்.

ஆனால் எல்லோரும் காந்தி இல்லை. அறை கேட்டுப் போனால் தோல் நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்திய வீட்டுக்காரர்கள் அங்கே உண்டு. அப்படிப்பட்ட ஊரில் 1905 ஜூலை 1ஆம் தேதி ஹைகேட் பகுதியில், 65 கிராம்வெல் அவென்யூவில் ஒரு விடுதி திறந்தது. பெயர் இந்தியா ஹவுஸ். ஆரம்பித்தவர் சியாம்ஜி கிருஷ்ண வர்மா. சுமார் 25 மாணவர்கள் தங்கலாம். அவர் உதவித்தொகையும் கொடுத்தார், ஆனால் ஒரு நிபந்தனை: படித்துவிட்டு பிரிட்டிஷ் அரசாங்க வேலைக்குப் போகக் கூடாது. சாவர்க்கர் அங்கே வந்தது 1906இல். நம் வரகனேரி வ.வே.சு. ஐயரும் பாரிஸ்டர் படிக்க லண்டன் போய் அந்த வட்டத்தில்தான் புரட்சிக்காரர் ஆனார். பள்ளியில் 'குளத்தங்கரை அரசமரம்' எழுதியவர் என்று ஒரு மார்க் கேள்விக்குப் படித்தோமே, அவரேதான். சட்டம் படிக்கப் போனவர் 1910இல் போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவி புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார்.

1909 ஜூலை 1ஆம் தேதி, அதாவது அந்த விடுதி திறந்து சரியாக 4 வருடம் கழித்து, அங்கே போய் வந்துகொண்டிருந்த மதன்லால் திங்கரா என்ற மாணவர் கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். அடுத்த மாதமே தூக்கு. இந்தியா ஹவுஸும் முடிந்தது. ஊரெல்லாம் இடம் தராதபோது இடம் கொடுத்தவர் பேச்சை மாணவன் கேட்கத்தானே செய்வான்? இது அரசாங்கத்துக்கும் புரிந்துவிட்டது. 1907லேயே லீ வார்னர் தலைமையில் இந்திய மாணவர்களைப் பற்றி விசாரிக்க ஒரு குழு போட்டிருந்தார்கள், அறிக்கையை அப்போது வெளியே விடவில்லை. 1910இல் தெற்கு கென்சிங்டனில் 21 கிராம்வெல் ரோடு என்ற கட்டடத்தை மாணவர்களுக்காகத் திறந்தார்கள். தங்க இடம், தகவல், ஆலோசனை எல்லாம் உண்டு. ஆனால் மாணவர்கள் பலர் அதை நம்பவில்லை. நம்மைக் கவனிக்கவா கண்காணிக்கவா என்பதுதான் அவர்கள் சந்தேகம். அரசாங்கம் தந்த கட்டில் என்றால் எனக்கும் அந்தச் சந்தேகம் வந்திருக்கும்.

அந்த 21 கிராம்வெல் ரோட்டில் 1914 ஏப்ரலில் சில நாட்கள் தங்கியவர் யார் தெரியுமா? கும்பகோணத்து ராமானுஜன்! அங்கிருந்து கேம்பிரிட்ஜ். டிரினிடி கல்லூரி அறையில் தானே சமைத்துச் சாப்பிட்டார். இரவில் குளிர் தாங்காமல் கோட்டைப் போட்டுக்கொண்டு, மேலே சால்வையும் போர்த்திப் படுத்திருக்கிறார். பார்க்க வந்த நண்பர் மஹலனோபிஸ், கம்பளி போதவில்லையோ என்று கட்டிலைப் பார்த்தால், கம்பளிகள் நிறைய இருக்கின்றன! மெத்தையோடு சேர்த்து இறுக்கமாகச் செருகி, மேலே விரிப்பும் போட்டிருக்கிறார்கள். அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்கு யாரும் சொல்லவில்லை. மஹலனோபிஸ் செய்து காட்டினாராம். அவ்வளவு பெரிய கணித மேதை, கம்பளியின் மேலே படுத்து நடுங்கியிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

1920இல் சேலத்துக்காரர் கே.டி. பால் முயற்சியில், லண்டனில் இந்திய மாணவர்களுக்காக ஒய்.எம்.சி.ஏ. விடுதி ஒன்று வந்தது. உலகப் போரில் குண்டு விழுந்தும் அது மூடிப் போகவில்லை. 1953இல் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் புதுக் கட்டடம் எழுந்தது.

நோட்டுக்கு வருகிறேன். கல்லூரிக்கு நடக்கிற தூரத்தில் உள்ள அறையின் வாடகையையும், தள்ளி இருக்கும் மலிவான அறை வாடகையோடு பஸ் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். வித்தியாசம் அப்பா நினைத்ததில் பாதி கூட இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கிட்ட உள்ள அறைக்கு நேராக டிக் போட்டார். கிளம்பும்போது தோழனிடம் கம்பளிக் கதையைச் சொன்னேன்.

"அதெல்லாம் யூடியூப்ல பாத்துக்கறேன்டா" என்றான்.