கிளிப்லெஸ் பெடல்: 200 கி.மீ. சைக்கிள் ஓட்ட எது சரி? முழங்காலைக் காப்பாற்ற கவனிக்க வேண்டியவை!

பேருதான் ‘கிளிப்லெஸ்’. ஆனால் ஷூவை ‘டக்’கென்று கவ்விப் பிடிப்பதே இந்த பெடலின் வேலை. அந்தக் காலப் பந்தய சைக்கிள்களில் பாதத்தை நுழைக்க கம்பிக் கூடும் தோல் வாரும் இருக்கும். அதற்குப் பெயர் டோ கிளிப். அது இல்லாமல் வந்ததால் இது கிளிப்லெஸ். பனிச்சறுக்கு உபகரணங்கள் செய்துவந்த பிரான்ஸின் லுக் நிறுவனம் 1984-ல் இதைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே பெர்னார் இனோ இந்தப் பெடலை மிதித்து டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார். பிறகென்ன, பந்தயக்காரர்கள் எல்லோரும் மாறத் தொடங்கினர்.

இதில் இரண்டு ரகம் உண்டு. ஷூவின் அடியில் மூன்று ஸ்க்ரூவில் பூட்டும் பெரிய பிளாஸ்டிக் கிளீட் ஒன்று. இரண்டு ஸ்க்ரூவில் பூட்டும் சின்ன இரும்பு கிளீட் மற்றொன்று. ஷிமானோவின் எஸ்.பி.டி. இந்த இரண்டாவது ரகம்தான்.

நீண்ட தூரம்னா எது? ‘பிரெவே’ எனப்படும் ரைடுகளில் 200 கி.மீ.க்கு 13.5 மணி நேரம், 600 கி.மீ.க்கு 40 மணி நேரம் கெடு. டீ குடிக்கிற நேரம், கார்டில் முத்திரை வாங்குகிற நேரம், டாய்லெட் தேடுகிற நேரம் எல்லாம் இதற்குள்தான். அதாவது நிறைய இறங்கி நடக்கணும். பெரிய கிளீட் வெளியே துருத்தி நிற்கும். டைல்ஸ் தரையில் வழுக்கும், நடக்க நடக்கத் தேயும். எஸ்.பி.டி. கிளீட்டோ ஷூ அடிப்பாகத்துக்குள் ஒடுங்கியிருப்பதால் சாதாரணமாக நடக்கலாம். முதல்முறை வாங்குபவர்களுக்கு இதுவே நல்லது. நடப்பது குறைவு, வேகம்தான் முக்கியம் என்பவர்கள் மூன்று ஸ்க்ரூ பக்கம் போகலாம்.

அடுத்தது முழங்கால். நிமிடத்துக்கு 80 சுற்று வீதம் 10 மணி நேரம் மிதித்தால் 48,000 சுற்று. கிளீட் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அத்தனை முறையும் முட்டி அதைத் தாங்கணும். அதனால்தான் பாதம் லேசாகத் திரும்ப ‘ஃப்ளோட்’ என்ற இடைவெளி தேவை. ஷிமானோவின் மூன்று ஸ்க்ரூ கிளீட்டில் மஞ்சள் 6 டிகிரி, நீலம் 2, சிவப்பு 0. லுக் கியோவில் சிவப்புதான் 9 டிகிரி, கறுப்பு 0. கலரை மட்டும் பார்த்து வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்! இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவும் பொருந்தாது.

கிளீட்டை எங்கே பூட்டுவது? பெருவிரல் அடிமேட்டுக்கு நேரே பெடல் அச்சு வரணும். நீண்ட தூரத்துக்கு இன்னும் சற்றுப் பின்னால் தள்ளி வைப்பவர்களும் உண்டு. மணிக்கணக்கில் மிதித்தபின் பாதம் எரிகிறவர்களுக்கு இது உதவும்.

விழுந்துடுவோமோ என்ற பயம் நியாயமானதே. முதலில் பலரும் சிக்னலில் நின்றபடியே சாய்வதுண்டு. காலை மேலே இழுத்தால் வராது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பணும். பெடலில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி, பிடிமானத்தைக் குறைத்து, சுவரைப் பிடித்தபடி இரண்டு காலிலும் பழகுங்கள். பிரெவேக்கு முந்தைய நாள் புது கிளீட் மாட்டவே கூடாது.

கிளீட் பெரும்பாலும் பெடல் பெட்டியிலேயே வந்துவிடும். ஷூ தனி, அதில் இரண்டு துளையா, மூன்று துளையா என்று பார்த்து வாங்கணும். வீட்டிலேயே பெடலை மாற்றுகிறவர்களுக்கு ஒன்று: இடது பெடலின் மரை தலைகீழ். கழற்ற வலப்பக்கமாகத் திருப்புங்கள்.