கரோச்சா: நடுவில் காணாமல் போன ஒரு சீஸ்

ஒரு சீஸுக்குப் பழைய ஊர்ப்பெயர் இருந்தால், அதன் பரம்பரையும் அறுபடாமல் வந்திருக்கும்னுதான் நினைப்போம். ஸ்பெயினின் ‘கரோச்சா’ ஆட்டுப்பால் சீஸ் அப்படி இல்லை. நடுவில் ஏறக்குறைய மறைந்தே போனது. 1980-களில் அதை மீட்டவர்களில் பலர் நகரத்தை விட்டுக் கிளம்பி வந்த இளைஞர்கள்.

கரோச்சா என்பது கட்டலோனியாவில் ஒரு வட்டாரம். அணைந்த எரிமலைகள், பீச் மரக்காடுகள், கரடுமுரடான நிலம். 1960-களில் ஸ்பெயினின் கிராமங்கள் வேகமாகக் காலியாகின. ஆலை வேலைக்காக ஜனங்கள் பார்சிலோனாவுக்கும் மாட்ரிட்டுக்கும் போனார்கள். பிராங்கோ ஆட்சியின் பால் கொள்கையும் பெரிய ஆலைகளுக்கே சாதகம். வனத்துறைக்கோ ஆடு என்றாலே ஆகாது, மரக்கன்றைக் கடிக்கும் எதிரி. ஆடு போனது, மேய்ப்பவர் போனார், கைப்பக்குவமும் கூடவே போனது. டாக்குமென்டேஷன் எழுதாமல் எல்லாரும் வேலையை விட்டுப் போன புராஜெக்ட் மாதிரி.

1975-ல் பிராங்கோ இறந்த பிறகு, பாழடைந்த பண்ணைவீடுகளில் குடியேறியவர்கள் இரண்டு தொழிலைக் கற்க வேண்டியிருந்தது. முதலாவது மேய்ச்சல். செம்மறி தலைகுனிந்து புல்லை மேயும். வெள்ளாடு பின்னங்காலில் நின்று புதரை உருவும். அது எந்தப் பக்கம் ஏறும்னு முன்கூட்டியே தெரிந்திருக்கணும்.

அடுத்தது சீஸ். பாலை ரென்னட் விட்டு உறையவைத்து, தயிர்க்கட்டியை வெட்டி, நீர் வடித்து, அச்சில் அழுத்தி, உப்பேற்றுவது முதல் பாதிதான். பிறகு ஈரமான அறையில் அதன்மேல் சாம்பல்நிறப் பூசணம் வெல்வெட் போலப் படர வேண்டும். கட்டலான் மொழியில் இதற்கு ‘பூத்த தோல்’ என்று பொருள்படும் பெயர். பூசணத்தைத் துடைப்பதல்ல, சரியான பூசணத்தை வளர்ப்பதுதான் இங்கே வேலை.

அப்பாவிடம் கற்றதை இனி பள்ளியில்தான் கற்கணும் என்ற நிலை வந்தது. பாஸ்க் நாட்டில் 1997-லும், கட்டலோனியாவில் 2009-லும் மேய்ப்பர் பள்ளிகள் தொடங்கின. கட்டலோனியாவில் கொஞ்சம் வகுப்பறை, மீதி மாதங்கள் ஒரு பண்ணையில் மேய்ப்பவரோடு.

இன்னொன்றும் நடந்தது. மேய்ச்சல் நின்ற இடங்களில் புதர் மண்டி, காட்டுத்தீக்கு விறகானது. இப்போது ஆண்டலூசியாவில், காட்டின் தீத்தடுப்புப் பட்டைகளில் ஆடு, செம்மறி மேய்க்க அரசே மேய்ப்பர்களுக்குப் பணம் தருகிறது. ஒரு காலத்தில் காட்டுக்கு எதிரி என்று துரத்தப்பட்ட அதே ஆடுதான் இது, யோசிச்சுப் பாருங்க.